சந்தன நிறம் என்றால் எந்தச் சந்தனம்?

வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்கிறோம். பத்து நாளாக வீட்டில் நடக்கும் சண்டைக்கெல்லாம் பெயின்ட் நிற மாதிரிகள் அச்சடித்த ஷேட் கார்டுதான் காரணம். அம்மா "சந்தன நிறம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் சந்தனத்திலேயே பதினோரு சந்தனம் இருக்கிறது.

கட்டைவிரல் அகல அட்டையில் சாதுவாகத் தெரிந்த ஒன்றைக் கூடத்துச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூசிப் பார்த்தோம். காலையில் சந்தனம். மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கியதும் மாம்பழம். டியூப்லைட் வெளிச்சத்தில் ஆறிப்போன பருப்பு. நல்லவேளை, 20 லிட்டர் வாளியை வாங்கிவிடவில்லை.

பளபளப்பு வேண்டும் என்பது என் ஆசை. பெயின்டர் அண்ணன் மறுத்துப் பேசவில்லை. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். பட்டி பார்த்த மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நின்றன. "பளபளப்பு இதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும் தம்பி. கூடத்துக்குப் பளபளப்பில்லாத மேட் போதும். பிள்ளைகள் கை படும் இடத்துக்கு மட்டும் லேசாக மினுங்கும் சாட்டின் அடிக்கலாம், துடைக்க வசதி" என்றார். ஆகவே அடுப்படிக்கும் மாடிப்படிச் சுவருக்கும் சாட்டின். கிரில்லுக்கு எனாமல், அதில் விவாதமே இல்லை.

பின்னறையைச் சுரண்டியபோது முதலில் அக்கா கல்யாணத்துக்கு அடித்த ரோஸ் உதிர்ந்தது. அதற்கடியில் வெளிர்பச்சை. கடைசியில் தாத்தா காலத்துச் சுண்ணாம்பு, வெள்ளை எடுப்பாகத் தெரிய நீலம் கலந்தது. அம்மா அதை விரலால் தடவிக்கொண்டே நின்றார். "இந்த நிறம் கிடைக்குமா?" என்று கேட்கிறார்.

ஷேட் கார்டை மறுபடியும் பிரித்திருக்கிறேன். நீலத்தில் மூன்று பக்கம்.