மாலோ என்றால் கெட்டவரா?

சென்னையில் ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வருஷம் அது. ஸ்பெயினிலிருந்து வரும் வாடிக்கையாளர் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை. ரத்தான பயணத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதங்களே அதிகம்.

ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் கைப்பட எழுதிய கடிதம் வந்தது. நான்கே வரி. அதில் ஒன்று, ‘மி மரீதோ சே பூசோ மாலோ.’ மாலோ என்றால் கெட்ட, தீய என்று வகுப்பில் முதல் மாதமே படித்திருந்தேன். கணவர் மோசமாக நடந்துகொண்டதால் போகவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். வீட்டுத் தகராறுக்குப் பணம் தர முடியாது என்று கோரிக்கை தள்ளுபடி ஆனது.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா மறுபடியும் எழுதினார். இந்த முறை மருத்துவமனைச் சான்றிதழும் கூடவே இருந்தது. பக்கத்து மேசை அக்கா இரண்டு கடிதங்களையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அவர் கெட்டவரா மாறலை. உடம்புக்கு முடியாமப் போயிருக்கு.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், உங்கள் வீட்டுச் சண்டைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் போயிருக்கிறது. அதற்குக் காரணம் நான்.

அப்புறம்தான் அந்தச் சொல்லை ஒழுங்காகப் படித்தேன். ‘எஸ் மாலோ’ என்றால் அவன் கெட்டவன், குணமே அப்படி. ‘எஸ்தா மாலோ’ என்றால் உடம்பு சரியில்லை; ஸ்பெயினில் அன்றாடம் புழங்கும் பேச்சு இது. பால் ‘எஸ்தா மாலா’ என்றால் திரிந்துவிட்டது. அதாவது மாலோவுக்கு முன்னால் நிற்கும் வினைச்சொல்தான், அந்தக் கேடு ஆளின் இயல்பா, இப்போதைய நிலையா என்று சொல்கிறது. கடிதத்தில் இருந்த ‘சே பூசோ’வும், ஆகிவிட்டார் என்று நிலை மாறியதைச் சொல்லும் வினைதான். நானோ அந்த வினையைத் தாண்டி நேராக மாலோவுக்குப் போயிருந்தேன். இத்தனைக்கும், பால் கெட்டது, உடம்பு கெட்டது, கெட்டவன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வேரைப் புழங்கும் தமிழில் வளர்ந்தவன் நான். எனக்கே அது தட்டியிருக்க வேண்டும்.

பேரனைக் கொஞ்சும் பாட்டி ‘கே மாலோ எரேஸ்’ என்பாள். அதற்கு நம் ‘பொல்லாத பயலே’ அப்படியே பொருந்தும். சினிமா வில்லனும் ‘எல் மாலோ’தான். நிஜமான கொடுமைக்கு ‘மல்வாதோ’ என்று தனிச்சொல் இருக்கிறது. தேவதைக் கதைகளில் வரும் கொடிய ராணிக்கு அதைத்தான் போடுவார்கள். வீட்டுப் பேச்சில் அவ்வளவாக வராது. ‘மலிக்னோ’ பெரும்பாலும் மருத்துவ அறிக்கையில் வரும், புற்றுநோய்க் கட்டியைக் குறிக்க. அதையே பெரிய எழுத்தில் தொடங்கி ‘எல் மலிக்னோ’ என்று எழுதினால் சாத்தான்.

1713இல் தொடங்கிய ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் அகராதியில் மல்வாதோவின் வேரைத் தேடிப் பார்த்தேன். பழைய பேச்சு லத்தீனில் ‘மலிஃபாத்தியுஸ்’. கெட்ட விதியைக் கொண்டவர், பாவப்பட்டவர் என்று பொருள். துர்ப்பாக்கியசாலியைக் குறித்த சொல் போகப்போகக் கொடியவனைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. நான்கு வரிக் கடிதத்தில் நான் செய்ததும் அதுதான். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவறு மொழிபெயர்ப்பில்தான் என்று நானே விளக்கம் எழுதிக் கோப்பில் சேர்த்தேன். பணம் திரும்பப் போனது. மன்னிப்புக் கடிதத்தை ஸ்பானிய மொழியில் எழுதும் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பத்து நாளில் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார், ‘யா நோ எஸ்தா மாலோ.’

இந்த முறை வினையைத்தான் முதலில் படித்தேன்.