பயணத்துக்கு முந்தைய இரவு

அலுவலகத்திலிருந்து 7 மணிக்குத் திரும்பி, மறுநாள் அதிகாலைப் பயணத்துக்கான உணவை இரவே சமைக்க முனைந்தபோதுதான், சமைப்பதைவிட ஆற வைப்பதே பெரிய வேலை என்பது புரிந்தது. சமைத்த சோற்றை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விட்டுவைத்தால், கொதியிலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் நுண்ணுயிரியின் வித்துகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்து நச்சை உண்டாக்கக்கூடும். அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் எளிதில் அழியாது. எனவே அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் டப்பாக்களில் அடைத்து, 5 டிகிரி செல்சியசுக்கும் குறைவான குளிரில் வைத்தேன். இதற்கிடையே, ஒற்றைக் காலுறையைக் காணவில்லை என்று மகள் மூன்று முறை வந்து நின்றாள். (பெட்டியைக் கணவர் அடுக்கினார், நான் மறுபடி அடுக்கினேன்.) காலையில் பாதி வழி கடந்த பிறகே, டப்பாக்கள் அத்தனையும் குளிர்சாதனப் பெட்டியிலேயே பத்திரமாக இருப்பது நினைவுக்கு வந்தது.