போப்லரைத் தேடிப் போய் சாத்தமில் கண்டுபிடித்த கதை

தம்பி மனைவிக்குப் பேறுகாலம் என்று அம்மா முன்கூட்டியே லண்டன் போய்விட்டார். நான் இரண்டு வார லீவில் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு ஐம்பது நாள் ஆகியிருந்தது. அம்மாவை எங்கேயாவது கூட்டிப் போ, வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார் என்று தம்பி ஒரு பட்டியல் கொடுத்தான். பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன் பிரிட்ஜ், அந்த ராட்டினம் என்று எல்லோரும் போகிற இடங்கள். அம்மா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் போட்டோவுலயே பாத்துக்கலாம். அந்த நர்ஸுப் பிள்ளைங்க சைக்கிள்ல போற தெருவு எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லு, அங்க போவோம்."

அவர் சொன்னது 'கால் தி மிட்வைஃப்' என்ற பிபிசி தொடரை. 2012 ஜனவரியில் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. கிழக்கு லண்டனில் போப்லர் என்கிற துறைமுகத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதி, அங்கே நொனாட்டஸ் ஹவுஸ் என்று ஒரு மடம், அதில் சில கன்னியாஸ்திரிகளும் இளம் நர்ஸுகளும் சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறார்கள். கதை 1957-ல் ஆரம்பித்து வருஷத்துக்கு வருஷம் நகர்ந்து 1970-ஐத் தொட்டுவிட்டது. குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்காமல் படுத்திய நாட்களில் அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒரு சீசன் விடாமல் பார்த்து முடித்திருக்கிறார். இங்கிலீஷ் புரிந்ததா என்று கேட்டேன். "வலிக்கு எதுக்குடி இங்கிலீஷு?"

அம்மாவைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட வேண்டும். சிவகங்கை மாவட்டக் கிராமங்களில் முப்பத்தொரு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு 'நர்ஸம்மா'. 1986-ல் வேலைக்காக ஒரு சைக்கிள் வாங்கி, கண்மாய்க்கரையில் இரண்டு முறை விழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டவர். அதனால் நாங்கள் கதையாகப் பார்ப்பதை அவர் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரிதான் பார்ப்பார். பிறந்த பிள்ளை இவ்வளவு சுத்தமாக வராது, இது பத்து நாள் பிள்ளை, என்று திரையைப் பார்த்துச் சொல்வார். (அது உண்மைதான். நிஜக் கைக்குழந்தைகளையும், பிறக்கும் காட்சிக்குச் சிலிக்கான் பொம்மைகளையும் வைத்துத்தான் எடுக்கிறார்கள்.) அவருக்குப் பிடித்தது பாத்திரங்களைவிடச் சாமான்கள். எனாமல் கிண்ணம், கொதிக்கிற தண்ணீர், படுக்கையில் விரிக்கிற பழுப்புக் காகிதம். எனிமா கொடுக்கிற காட்சி வந்தால், நாங்களும் கொடுத்தோம், பாவம் அந்தப் பிள்ளைகள், என்பார். அந்தக் காலத்தில் இங்கே இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பேறு பார்க்கும் வழக்கம் இருந்திருக்கிறது, அது அவருக்கு ஆச்சரியம். வலிக்கு ரப்பர் மூடியை மூக்கில் வைத்து இழுக்கச் சொல்லும் 'கேஸ் அண்ட் ஏர்' இன்னும் பெரிய ஆச்சரியம். "நமக்கு கேஸும் கிடையாது, ஃபேன் ஓடுனாத்தான் ஏரு."

சரி, முதலில் போப்லர். தம்பி வீடு ஈஸ்ட் ஹாமில், அதாவது தெருவில் நின்று தமிழில் வழி கேட்டால் தமிழிலேயே பதில் வரும் ஊரில். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் போ ரோடு, கொஞ்சம் நடந்தால் போ சர்ச், பிறகு டிரைவர் இல்லாத அந்தக் குட்டி டிஎல்ஆர் ரயிலில் மூன்றாவது நிறுத்தம், ஆல் செயின்ட்ஸ். மொத்தமே அரை மணிக்குச் சற்று மேல். இறங்கியதும் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு "எங்கடி?" என்றார்.

எனக்கும் அதே கேள்விதான். ஒரு பக்கம் கேனரி வார்ஃபின் கண்ணாடிக் கோபுரங்கள், இன்னொரு பக்கம் கவுன்சில் குடியிருப்புகள், நடுவில் லாரிகள் இரைகிற ஈஸ்ட் இந்தியா டாக் ரோடு. துணிக்கொடிகள் தொங்குகிற சந்தும் இல்லை, வாசற்படியைத் தேய்த்துக் கழுவும் பெண்களும் இல்லை. போரில் குண்டு விழுந்து கொஞ்சம் போயிற்று, மீதியை இடித்து லான்ஸ்பரி எஸ்டேட் கட்டினார்கள். 1951-ல் நடந்த பிரிட்டன் திருவிழாவில் 'புதிய குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும்' என்று ஜனங்களுக்குக் காட்டிய இடம் இது. தொடரின் கதை ஆரம்பிக்கும்போதே பழைய போப்லர் பாதி போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் மட்டும் 1823-லிருந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் லோடோர் தெரு என்று சின்னதாக ஒரு தெரு. நிஜ சிஸ்டர்கள் இருந்தது அங்கேதான். நொனாட்டஸ் என்பது கதைக்காக வைத்த பெயர். அப்படி ஒரு புனிதர் இருக்கிறார், ரேமண்ட் நொனாட்டஸ், தாய் இறந்த பிறகு வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை என்பதால் லத்தீனில் 'பிறக்காதவர்' என்று பெயர், கர்ப்பிணிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் காவலர். நிஜத்தில் அந்தச் சபையின் பெயர் புனித ஜான் தி டிவைன் சமூகம், 1848-ல் தொடங்கியது, கத்தோலிக்கம் இல்லை, ஆங்கிலிகன். இதை அம்மா நம்பவே இல்லை. பயிற்சிக் காலத்தில் கன்னியாஸ்திரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், "சிஸ்டர்னா ஆர்.சி.தான்" என்று ரயில் ஏறும் வரை வாதாடினார். இந்தச் சபை தொடங்கிய ஆறாவது வருஷமே, 1854-ல், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலோடு கிரிமியப் போருக்குப் போன நர்ஸுகளில் ஆறு பேர் இங்கிருந்து போனவர்கள். பிற்பாடு எல்லோரும் பர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

அந்தத் தெருவில் நாங்கள் பார்த்தது அமைதியான வீடுகளும் குப்பைத் தொட்டிகளும்தான். ஐந்து நிமிஷம் நின்றோம். இந்தத் தொடருக்கு மூலமான புத்தகத்தை எழுதிய ஜெனிஃபர் வொர்த் 1950-களில் இந்த மடத்து சிஸ்டர்களோடு தங்கி வேலை பார்த்தவர். அப்புறம் நர்ஸ் வேலையை விட்டு இசைக்குப் போய்விட்டார். 1998-ல் டெரி கோட்ஸ் என்ற மருத்துவச்சி ஒரு தொழில் பத்திரிகையில் எழுதினார்: இலக்கியத்தில் மருத்துவச்சிகளைக் காணவே காணோம், மாட்டு வைத்தியர்களின் கதையை எழுத ஒரு ஜேம்ஸ் ஹெரியட் இருந்தது போல நமக்கும் யாராவது எழுத வேண்டாமா என்று. அதைப் படித்துத்தான் வொர்த் எழுத உட்கார்ந்தார். 2002-ல் புத்தகம் வந்தது. தொடர் ஒளிபரப்பாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2011 மே மாதம், அவர் இறந்துபோனார். அந்த டெரி கோட்ஸ்தான் தொடருக்குப் பிரசவ ஆலோசகர். இதை நான் சொன்னபோது அம்மா, "பாரு, ஒருத்தி கேட்டதுனாலதான் இன்னொருத்தி எழுதியிருக்கா. எங்ககிட்ட ரிஜிஸ்டர் மட்டும்தான் கேட்டாங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

வொர்த் புத்தகத்தில் ஒரு கணக்கு வரும். 1950-களின் கடைசியில் மடத்தின் கணக்கில் மாதம் எண்பது முதல் நூறு பிரசவம், 1963-ல் அது நாலைந்தாகக் குறைந்தது. கருத்தடை மாத்திரை வந்தது 1961-ல். அம்மா இதற்கு ஆச்சரியப்படவே இல்லை, இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்ததுதான்.

கிறிஸ்ப் ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் வங்கதேசத்துக்காரர் கடையில் முருங்கைக்காய் வாங்கினோம் (விலையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், விடுங்கள்). பக்கத்துப் பூங்காவில் வெள்ளைக் கல்லில் ஒரு தேவதை நிற்கிறது. முதல் உலகப் போரில், 1917 ஜூன் 13, பட்டப்பகலில் ஜெர்மன் விமானம் போட்ட குண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் விழுந்து பதினெட்டுப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்காரர்கள். அம்மா ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தார், பக்கத்தில் இருந்த வயதையும் சேர்த்து. அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினால்தான் தெரிகிறது, நாம் திரையில் பார்க்கிற போப்லர் தெரு போப்லரிலேயே இல்லை. கென்ட் பக்கம் சாத்தம் என்ற ஊரின் பழைய கப்பல்தளத்தில் எடுக்கிறார்கள். 1984-ல் கடற்படை மூடிவிட்டுப் போன தளம், இப்போது அருங்காட்சியகம். மடத்துக் காட்சிகள் வேறெங்கோ ஸ்டூடியோவில். தெரு மட்டும் இங்கே.

சனிக்கிழமை கிளம்பினோம். இங்கே என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்கிறேன், அடுத்தவர்களுக்கு உதவும். சாத்தமுக்கு அதிவேக ரயில் ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து போகிறது என்று படித்துவிட்டு, ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி, பலகை பலகையாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது புறப்படுவது ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனலில். அது வேறு ஸ்டேஷன். நடுவில் ஒரு பெரிய ஷாப்பிங் மால் முழுவதையும் கடக்க வேண்டும். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, அம்மா பின்னாலிருந்து "நிதானமா போடி, தலை இன்னும் தெரியல" என்று சொன்னதைக் கேட்டுச் சிரித்ததில் ரயிலை விட்டுவிட்டோம். அடுத்த ரயிலில் போனோம். நல்லவேளை, முக்கால் மணி நேரப் பயணம்கூட இல்லை.

தொடர் படப்பிடிப்பு இடங்களைச் சுற்றிக்காட்ட அங்கே தனியாக ஒரு டூர் இருக்கிறது, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வெளிர் நீல உடையும் கருஞ்சிவப்பு கார்டிகனும் போட்ட ஒரு பெண்மணிதான் வழிகாட்டி, அப்படியே தொடரிலிருந்து இறங்கி வந்த மாதிரி. கயிற்றுச் சாலைக்கு, அதாவது கயிறு திரிக்கும் கூடத்துக்கு, பக்கத்தில் இருக்கிற நீண்ட சந்துக்குள் நுழைந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். அதேதான். இரண்டு பக்கமும் உயரமான செங்கல் சுவர், கீழே கல் பாவிய தரை. படப்பிடிப்பு இல்லாத நாள் என்பதால் துணிக்கொடி இல்லை, ஆனால் கண் தானாகவே கட்டிக்கொள்கிறது. 'எந்தக் கதவு?' என்று ஆளுக்கொரு கதவைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கப்பல் கட்டிய இடத்தில் கதவைத் தட்டிப் பிரசவம் பார்க்கிறார்கள். நெல்சனின் விக்டரி கப்பல் இங்கேதான் கட்டப்பட்டு 1765-ல் நீரில் இறங்கியது.

வழிகாட்டியிடம் ஒரு தோல் பை இருந்தது. உள்ளே மரத்தால் செய்த சின்னக் குழல், ஊதுகொம்பு மாதிரி. அகன்ற வாயை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பது. அம்மா கையை நீட்டி வாங்கினார், யோசிக்கக்கூட இல்லை. அவரிடம் இருந்தது அலுமினியம். "இதைக் கையால பிடிக்கக் கூடாது, வச்ச அப்புறம் கையை எடுத்திரணும், காதாலதான் அழுத்தணும். கை பட்டா உன் நாடியே உனக்குக் கேக்கும்" என்று என்னிடம் தமிழில் சொல்லிக்கொண்டே குனிந்து காட்டினார். வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். நான் மொழிபெயர்த்தேன். டூரில் வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் அதற்கப்புறம் வழிகாட்டியைவிட அம்மாவைத்தான் அதிகம் பார்த்தார்கள். எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறீர்கள் என்று ஒரு பாட்டி கேட்டார். ரிஜிஸ்டரை ஒப்படைத்துவிட்டேன், எண்ணி வைக்கவில்லை என்றார் அம்மா. பையில் சோப்பு எங்கே என்று பதிலுக்குக் கேட்டார். பிரசவத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற அஞ்சு சுத்தத்தில் முதல் சுத்தம் கை. அதை விடவே மாட்டார்.

டூர் முடிந்து கயிற்றுச் சாலைக்குள் போனோம். 346 மீட்டர் நீளம் ஒரே கூடம், ஒரு முனையில் நின்றால் மறுமுனை புள்ளியாகத் தெரிகிறது. சணல் வாசனை. இன்றைக்கும் கயிறு திரிக்கிறார்கள், வந்தவர்களைக் கூப்பிட்டுக் கைப்பிடியைச் சுற்ற விட்டுச் சிறுசாக ஒரு கயிறு செய்து காட்டுகிறார்கள். மூன்று புரிகள் தனித்தனியாக முறுகி, ஒரு கட்டத்தில் தாமாகவே ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். அம்மா கிட்டப் போய் வெட்டிய முனையைப் பார்த்தார். "தொப்புள்கொடி இப்பிடித்தான் இருக்கும். ரெண்டு தமனி, ஒரு சிரை. வெட்டுனதும் மூணும் இருக்கான்னு எண்ணிப் பாக்கணும். ரெண்டுதான் இருந்துச்சுன்னா டாக்டர்கிட்ட சொல்லணும்." நம் பாப்பாவுக்குப் பார்த்தார்களா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பார்கள், ஆனாலும் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த மருத்துவச்சிப் பெண்ணிடம் தம்பியை விட்டுக் கேட்கச் சொன்னாராம். அந்தப் பெண் குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் நாலு வட்டம் ரத்தம் எடுத்த அழகை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீடு தேடி வருகிறார்கள் பாரு, இப்பவும் வருகிறார்கள், என்று. சைக்கிளில் அல்ல, காரில்.

நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று நிற்கிறது, உள்ளே போகலாம். வட்டக் கதவுக்குள் காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்றதும் அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். நான் மட்டும் போய் வந்தேன், பரவாயில்லை ரகம்.

திரும்பி வந்தால் அம்மாவைக் காணோம். படம் எடுத்துக்கொள்வதற்காக ஒரு பழைய கறுப்பு சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த இடத்தில் இருந்தார். முன்னால் கூடை, செயினுக்கு முழுக் கவர். "இதுல சேலை மாட்டாதுடி" என்றார். முன் பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார், டயரை நெருடினார். நான் போனை எடுத்து ஃபோகஸ் செய்வதற்குள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மிதித்தே விட்டார். கல் பாவிய தரையில் கடகடவென்று ஆறேழு அடி. கருஞ்சிவப்பு கார்டிகன் போட்ட அந்தப் பெண்மணி "மேடம், மேடம்" என்று பின்னாலேயே ஓடினார். படம் எடுத்தாயா என்று இறங்கியதும் முதலில் அதைத்தான் கேட்டார். எடுத்தேன். நான் சிரித்ததில் கை ஆடிவிட்டது. பின்சக்கரமும் அம்மாவின் ஒரு செருப்பும் மட்டும் விழுந்திருக்கிறது.