ரென்டலில் ஓடிய காரை வாங்கிய கதை

அமெரிக்காவின் டல்லாஸ் பக்கம் பழைய கார் தேட ஆரம்பித்தால் ஒரு ரகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். வயது இரண்டைத் தாண்டியிருக்காது, ஓட்டம் முப்பது நாற்பதாயிரம் மைல், நிறம் வெள்ளை அல்லது சாம்பல், அடிப்படை ட்ரிம் (வசதிகள் குறைந்த மாடல்). காரின் வரலாற்று அறிக்கையைத் திறந்தால் முதல் உரிமையாளர் இடத்தில் 'ரென்டல்', அதாவது வாடகை நிறுவனம் என்று இருக்கும். நான் வாங்கிய டொயோட்டா கேம்ரியும் இந்த ரகம்தான்.

நண்பர்கள் வட்டத்தில் சொன்னதும் வந்த பதில்: "ரென்டலா? கண்டவனெல்லாம் மிதிச்சு ஓட்டியிருப்பான், வேண்டாம்ப்பா." ஓட்டியிருப்பான்தான். ஆனால் ஒரே வீட்டில் இருந்த கார் என்று நம்பி வாங்கி, ஆயில் மாற்றிய ரசீது ஒன்றுகூட இல்லாமல் தவித்தவர்களையும் இதே வட்டத்தில் பார்த்திருக்கிறேன். வாடகை நிறுவனத்துக்கு அந்தக் கார் ஒரு முதலீடு. ஆயில் மாற்றாமல் விட்டு எஞ்சினைக் கெடுத்துக்கொள்ள அவர்களுக்கு ஆசை இருக்காது. என் கவலை ஓட்டியவர்கள் பற்றி அல்ல, இடித்தவர்கள் பற்றி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் வார்த்தைக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. விற்பனையாளர்கள் 'புரோகிராம் கார்' என்று எதை வேண்டுமானாலும் சொல்கிறார்கள். வாடகை நிறுவனங்கள் கார் எடுப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்றில், இத்தனை மாதம், இத்தனை மைலுக்குள், இந்த நிலையில் திருப்பித் தந்தால் முன்பே பேசிய கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்று கார் கம்பெனியே ஒப்பந்தம் போடுகிறது. அப்படித் திரும்பி வருவதுதான் உண்மையான புரோகிராம் கார். அது டீலர்கள் மட்டும் நுழையக்கூடிய ஏலத்துக்குப் போய், அங்கிருந்து டீலர் கடைக்கு வரும். இன்னொரு வழியில், காரை வாடகை நிறுவனமே சொந்தமாக வாங்கி, ஓட்டி, விற்றுக்கொள்ள வேண்டும். விலை விழுந்தால் நஷ்டம் அவர்களுக்கு. அதனால் இதை 'ரிஸ்க்' கார் என்பார்கள். ஹெர்ட்ஸ், என்டர்பிரைஸ், ஏவிஸ் போன்றவை சொந்தக் கடை வைத்து விற்பதற்குக் காரணம் இதுதான். ஹெர்ட்ஸ் 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சார கார்களை விற்கப்போவதாக அறிவித்ததும் அந்தக் கணக்கில்தான். எங்கள் அபார்ட்மென்டில் சார்ஜ் போட வழியில்லை, அந்தப் பக்கம் நான் போகவில்லை.

திருப்பி எடுக்கும்போது நிலையைப் பரிசோதிப்பார்கள், மைல் வரம்பும் உண்டு என்பதால் புரோகிராம் கார்கள் பொதுவாகக் கொஞ்சம் இளசாக இருக்கும். இதையே காட்டி, டீலர் தன் சர்வீஸ் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து ஓட்டிய லோனர் காரையும் சிலர் அந்தப் பெயரில் தள்ளப் பார்க்கிறார்கள். ஒரு கடையில் ஆறாயிரம் மைல் லோனர் ஒன்றை "கிட்டத்தட்ட புதுசு சார்" என்று காட்டினார்கள். வாரன்டி எப்போது தொடங்கியது என்று கேட்டேன். அவர் சிரித்தார், பதில் வரவில்லை. லோனருக்கும் ரென்டலுக்கும் வாரன்டி கடிகாரம் நான் வாங்கும் நாளில் தொடங்குவதில்லை. வண்டி முதன்முதலில் சேவைக்கு இறங்கிய நாளில் தொடங்கிவிடும். அந்தத் தேதியை அதே பிராண்டின் எந்த டீலரின் சர்வீஸ் பிரிவிலும் வின் எண்ணைக் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்துக் கேட்கலாம்.

இதில் பிராண்டுக்குப் பிராண்ட் வித்தியாசம் இருக்கிறது. டொயோட்டாவின் அடிப்படை வாரன்டி 3 ஆண்டு அல்லது 36,000 மைல், எஞ்சின் கியர்பாக்ஸ் வகையறாவுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல். கை மாறினாலும் மீதி தொடரும். ஹூண்டாயின் புகழ்பெற்ற 10 ஆண்டு, 100,000 மைல் வாரன்டி முதல் உரிமையாளருக்கு மட்டும். ரென்டல் நிறுவனத்திடமிருந்து வாங்கும் நமக்கு 5 ஆண்டு, 60,000 மைல்தான் கிடைக்கும். விளம்பரத்தில் பத்தாண்டு என்று படித்துவிட்டு சொனாட்டா எடுக்கப் போன என் மைத்துனருக்கு இது பிடிக்கவே இல்லை.

சட்டத்தில் ரென்டல் கார் வாங்குபவருக்கு ஆதரவான ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியம் தந்தது. ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்யக் கார் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) சரிசெய்யாத வாடகைக் காரில் போன இரண்டு சகோதரிகள் 2004-இல் கலிஃபோர்னியாவில் விபத்தில் இறந்தார்கள். அவர்களின் பெயரிலேயே வந்த கூட்டாட்சிச் சட்டம் 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 35 கார்களுக்கு மேல் வைத்திருக்கும் வாடகை நிறுவனம், ரீகால் நிலுவையில் உள்ள காரை வாடகைக்கும் விடக்கூடாது, விற்கவும் கூடாது. சாதாரணப் பழைய கார் டீலருக்கு அப்படிக் கூட்டாட்சித் தடை கிடையாது. ஆகவே அதே கார் ஏலம் வழியாக டீலரிடம் வந்திருந்தால், நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இலவசத் தளத்தில் வின் எண்ணை நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் 'பையர்ஸ் கைடு' (வாங்குபவருக்கான வழிகாட்டி) தாளையும் படித்தேன். ஃபெடரல் டிரேட் கமிஷன் விதிப்படி டீலர் அதை ஒட்டியாக வேண்டும். 'ஆஸ் இஸ்' (இருக்கும் நிலையிலேயே) கட்டத்தில் டிக் இருந்தால், டீலரைப் பொறுத்தவரை வாசலைத் தாண்டியபின் பழுது நம்முடையது, விற்பவர் வாயால் என்ன சொன்னாலும்.

இப்போது இடித்தவர்கள் பற்றி. பெரிய வாடகை நிறுவனங்கள் சேதத்தைத் தங்கள் கைப்பணத்திலேயே சரிசெய்துகொள்வது வழக்கம். வெளி இன்சூரன்ஸில் கோரிக்கை பதியாததால், அது வரலாற்று அறிக்கை தரும் கார்ஃபாக்ஸ் நிறுவனத்துக்குப் போகாமலே தப்பிக்கலாம். அந்த அறிக்கை காரின் ஜாதகம் மாதிரி. கட்டம் சுத்தமாக இருக்கும், ஆள் எப்படி என்று நேரில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு டீலரிடம் எனக்குப் பிடித்த கேம்ரி இருந்தது, அறிக்கையில் விபத்து இல்லை. என் மெக்கானிக் பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு சுற்றினார். வலது பின்பக்கத்தில் மட்டும் எண் எகிறியது. பட்டி பூசிய வேலை. டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தோம், தரைத் தகடு லேசாக நெளிந்திருந்தது. டீலரிடம் சொன்னபோது "அறிக்கையில் இல்லையே" என்றார். அதற்கு மேல் பேச்சு வளர்க்காமல் கிளம்பினோம்.

வாங்கிய காருக்கும் அதே பரிசோதனைதான். மெக்கானிக் கதவுக் கீல்களின் போல்ட்டில் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பார்த்தார், டயர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியை ஒவ்வொன்றாகப் படித்தார் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு). முன்பக்கம் இரண்டு டயர் மட்டும் புதிது, அது சகஜம். டெக்சஸ் என்பதால் கூரையையும் பானட்டையும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார், ஆலங்கட்டித் தழும்பு அப்போதுதான் தெரியும். முன் கண்ணாடியின் மூலையில் இருந்த முத்திரை மற்ற கண்ணாடிகளோடு பொருந்தவில்லை. மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவைச் சீரமைத்தார்களா என்று கேட்டுக் காகிதம் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டேன். தானாக பிரேக் போடும் வசதி அந்தக் கேமராவை நம்பித்தான் இருக்கிறது.

வாங்கிய கடையில் விலை பேச முடியாது என்று போர்டே வைத்திருந்தார்கள். பேசவும் இல்லை. ஆனால் விலையோடு முடியாது. மாநில வரி 6.25 சதவீதம், ஆவணக் கட்டணம், டைட்டில் (உரிமைப் பத்திரம்) செலவு எல்லாம் சேரும். நிதிப் பிரிவு மேசையில் சர்வீஸ் ஒப்பந்தம், டயர் பாதுகாப்பு, கண்ணாடியில் எண் பொறிப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாவற்றுக்கும் "வேண்டாம்".

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ப்ளூடூத் பட்டியலைத் திறந்து சிரிக்க ஆரம்பித்தாள். முகம் தெரியாத எத்தனையோ பேரின் போன் பெயர்கள், ஒருவர் வீட்டு முகவரி உட்பட. முழுவதையும் ரீசெட் செய்தோம். இரண்டு சாவிகளும் ஒரே கம்பியில் கோத்திருந்தன, ரென்டல்காரர்களின் பழக்கம். கம்பியை வெட்டினால்தான் ஆளுக்கொன்று. கண்ணாடியில் சுங்கக் கருவி ஒட்டியிருந்த பசைத் தடத்தைச் சுரண்டிவிட்டு, எங்கள் டோல் கணக்கில் புதிய நம்பர் பிளேட்டைச் சேர்த்தேன்.

வாங்கும்போது ஓட்டம் 31,000 மைல். அடிப்படை வாரன்டியில் மீதி ஐந்தாயிரம்தான், ஆண்டுக்கணக்கு பாக்கி இருந்தும் பயனில்லை. 35,000 தொட்டதும் டீலரிடம் விட்டு, பின் ஜன்னலில் வரும் அந்தச் சின்னக் கிறீச்சையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.