ஜிபியில் பதியப் போனால் பாஸ்போட் கேட்பார்கள், கொடுக்கத் தேவையில்லை

மச்சாள் அசைலம் (அகதித் தஞ்சம்) கேஸ் போட்டுவிட்டு லண்டனில் எங்களோடு இருக்கிறா. நீரிழிவு. ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசை முடியும் நேரம் பக்கத்து ஜிபிக்கு, அதாவது குடும்ப வைத்தியரின் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு பாஸ்போட், விசா, அவ பெயரில் ஒரு பில், மூன்றும் இல்லாமல் பதிய முடியாது என்றார். பாஸ்போட் அசைலம் கேஸைப் பார்க்கும் ஹோம் ஒஃபிஸில் இருக்கிறது, பில் எல்லாம் என் பெயரில். எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை, படிவத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் மச்சாள் "விடுங்கோ, இவையள் ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிச்சா கேஸ் பழுதாப்போயிடும்" என்றா. அன்றிலிருந்து குளிசையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறா, எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் பயத்தைச் சும்மா பயம் என்று தள்ளிவிட முடியாது. 2017இல் அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸிடம் இருந்த முகவரிகளை ஹோம் ஒஃபிஸுக்குக் கொடுக்க ஒப்பந்தமே போட்டிருந்தார்கள், எதிர்ப்பு வந்து அடுத்த வருடம்தான் பெரும்பாலும் நிறுத்தினார்கள்.

ஆனால் இங்கிலாந்தில் ஜிபியில் பதிய விசாவும் வேண்டாம், முகவரி அத்தாட்சியும் வேண்டாம். என்எச்எஸ் இங்கிலாந்தின் வழிகாட்டலில் அப்படியே எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு திரும்பப் போய், பதிய மாட்டீர்கள் என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். 14 நாளுக்குள் அவர்கள் அப்படித் தரத்தான் வேண்டும். உள்ளேயிருந்து மனேஜர் வந்தார், பதிவுக்கான ஜிஎம்எஸ்1 படிவம் வந்தது, சரி, முடிந்தது. வாக்குவாதப்பட விருப்பமில்லாதவர்கள் 'டொக்டர்ஸ் ஒஃப் த வேர்ல்ட்' என்ற மருத்துவத் தொண்டு அமைப்புக்கு ஃபோன் அடித்தால் அவர்களே ஜிபியோடு கதைப்பார்கள்.

பதிந்த கையோடு குடியேறிகளுக்கு எதிரான 2024 ஓகஸ்ட் கலவரம். ரொதரமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு நெருப்பு வைக்கப் பார்த்ததை ரிவியில் பார்த்த பிறகு மச்சாள் இரத்தப் பரிசோதனைக்குப் போகவே மாட்டேன் என்றா. அந்தக் கிழமை சில ஜிபிக்களே நேரத்தோடு பூட்டினார்கள், அவவை என்ன சொல்ல? தேதியை மாற்றி எடுத்தோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம், ஆனால் நேரம் எடுக்கும்போதே கேட்கவேண்டும், இல்லாவிட்டால் தானாக வராது. நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர்களுக்கு மருந்து இலவசம், ஜிபியிடம் அதற்கு விண்ணப்பிக்கும் எஃப்பி92ஏ படிவத்தைக் கேளுங்கள். பல்லுக்கும் கண்ணாடிக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கான எச்சி2 சான்றிதழ் வேறாக எடுக்கவேண்டும்.

ஆஸ்பத்திரிதான் வேறு கதை. கேஸோ அப்பீலோ நடக்கும்வரை காசு கட்டத் தேவையில்லை. எல்லாம் முடிந்து நிராகரித்துவிட்டால் இங்கிலாந்தில் பெரும்பாலான சிகிச்சைக்கு என்எச்எஸ் செலவின் 150 வீதக் கணக்கில், அதாவது ஒன்றரை மடங்காக பில் வரும், ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படியில்லை. 500 பவுணுக்கு மேல் கட்டாமல் விட்டால் அந்தத் தகவல் ஹோம் ஒஃபிஸுக்குப் போகும். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டு படிவம் வந்தால் ஒளிக்காமல், அசைலம் கேட்டவர்களுக்கு ஹோம் ஒஃபிஸ் கொடுக்கும் ஏஆர்சி கார்ட்டின் பிரதியை இணைத்து அனுப்புங்கள். நாங்கள் அப்படித்தான் அனுப்பினோம், பில் ஒன்றும் வரவில்லை.