டர்பனில் ஒரு சிரிஞ்ச் பம்புக்கு உரிமம் வாங்கிய கதை

தென்னாப்பிரிக்காவுக்கு மருத்துவக் கருவி அனுப்பலாமா என்று ஊரிலிருந்து அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். எல்லோரும் விலையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். "நாங்க பாதி விலைக்குத் தர்றோம் சார், அங்கே ஓடாதா?" ஓடும். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இங்கே ஏதாவது கோளாறு நடந்தால் யாரைக் கூப்பிடுவது?

நாங்கள் கொண்டுவந்தது சிரிஞ்ச் பம்ப். ஐசியூவிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று பிசகாமல் செலுத்தும் பெட்டி அது. இங்கே கருவிகளை ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். பம்ப் சி வகுப்பு.

அனுமதி தருவது சாப்ரா. தென்னாப்பிரிக்க சுகாதாரப் பொருட்கள் ஒழுங்குமுறை ஆணையத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 2018இல் பழைய மருந்துக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் பதிலாக வந்தது. மருந்துக்கு இங்கே 1965லிருந்தே சட்டம் உண்டு. கருவிகளுக்கான விதிகள் அரசிதழில் வந்தது 2016 டிசம்பரில்தான். அதனால் இப்போதைக்கு உரிமம் என்பது முதலில் நிறுவனத்துக்கு. எந்தெந்தக் கருவியைக் கையாளப் போகிறோம் என்ற பட்டியல் அதோடு போக வேண்டும். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் ஏற்பாடு முழுதாக நடைமுறைக்கு வரவில்லை.

இதைக் கேட்டதும் 'அப்போ சுலபம்தானே' என்று தோன்றும். இல்லை. நிறுவனத்துக்கு உரிமம் என்றால் பொறுப்பு ஒரு ஆளின் தலையில் வந்து விழும். நாட்டில் வசிக்கும் ஒருவரை அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி என்று காட்ட வேண்டும். எங்களுக்கு அது, நாங்கள் 'அண்ணன்' என்று கூப்பிடும் ஒருவர். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், அரசு மருத்துவமனையில் கருவிகளைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவர். கோயிலில் தேவாரம் பாடுவார். பேச்சு முழுக்க ஆங்கிலம்தான், நடுவில் என்னை மட்டும் 'தம்பி' என்பார். கையெழுத்துப் போடும் முன் பம்ப் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டி, ராத்திரி முழுக்க ஓடவிட்டு, வெளியே வந்த திரவத்தை எடை பார்த்த பிறகுதான் பேனாவைத் தொட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரோடு தொழில் செய்யலாம்.

அடுத்தது வெளிநாட்டு அனுமதிக்கான சான்று. சி வகுப்புக் கருவிக்கு ஆஸ்திரேலியா, பிரேசில், கனடா, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் போன்ற இடங்களில் ஒன்றிலாவது அனுமதி பெற்றதைக் காட்டச் சொன்னார்கள். இந்திய உரிமம் மட்டும் போதாது. தொழிற்சாலைக்காரர்கள் "சிஇ இருக்கே" என்று ஐரோப்பிய அனுமதிக்கான சான்றிதழ் ஒன்றை அனுப்பினார்கள். தேதி முடிந்திருந்தது.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் மருத்துவக் கருவிகளுக்கான பழைய 93/42 உத்தரவு போய், 2021 மே 26 முதல் 2017/745 என்ற புதிய ஒழுங்குமுறை வந்துவிட்டது. எல்லோராலும் உடனே மாற முடியாததால், 2023இல் அவகாசத்தை நீட்டினார்கள். எங்கள் பம்ப் போன்ற கருவிக்கு 2028 கடைசி வரை. ஆனால் அந்த நீட்டிப்பு தானாகக் கிடைக்காது. புதிய சான்றுக்கு 2024 மே 26க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். சான்று தரும் நோட்டிஃபைடு பாடியோடு அதே ஆண்டு செப்டம்பர் 26க்குள் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். இரண்டையும் உறுதிப்படுத்தி நோட்டிஃபைடு பாடி ஒரு கடிதம் தரும். பழைய சான்றிதழோடு அந்தக் கடிதமும் இருந்தால்தான் மதிப்பு. அந்தக் கடிதத்தை வாங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தொழிற்சாலையின் விற்பனைப் பிரிவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கடைசியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்த ஒரு பெண் அன்றைக்கே எடுத்து அனுப்பினார். முதலிலேயே தரக்கட்டுப்பாட்டு ஆட்களோடு பேசுங்கள். விற்பனைக்காரர்களோடு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கான ஐஎஸ்ஓ 13485 தர ஏற்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையேடு எழுத வேண்டும், எழுதியபடி நடக்க வேண்டும், தணிக்கைக்கு வந்து பார்ப்பார்கள். கிடங்கில் வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் குறித்து வைக்க வேண்டும். டர்பன் ஈரத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தணிக்கையாளர் வெள்ளத்தைப் பற்றியும் கேட்டார். 2022 ஏப்ரலில் டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் பக்கம் தொழிற்சாலைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. நல்லவேளை, எங்கள் கிடங்கு மேட்டில் இருக்கிறது.

எனக்கு உண்மையில் சுவாரசியமாக இருந்தது வார்டில் நடந்ததுதான். சோதனைக்காக ஒரு மருத்துவமனையில் பம்பை வைத்தோம். அங்கே சிஸ்டர் ஐம்பது மில்லி சிரிஞ்சை மாட்டிவிட்டுத் திரையில் பிராண்ட் பெயரைத் தேடினார். அங்கே புழங்கும் சிரிஞ்சின் பெயர் பட்டியலிலேயே இல்லை. அவசரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்த வேறொன்றைத் தேர்ந்தெடுக்கப் போனார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். பம்புக்கு உள்ளே போகும் மருந்து தெரியாது. சிரிஞ்சின் தண்டை எவ்வளவு தள்ள வேண்டும் என்பதுதான் தெரியும். உள்விட்டம் 28 மில்லிமீட்டர் என்று அது நினைத்துக்கொண்டு, உண்மையில் 27 இருந்தால், போகும் மருந்து ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்துவிடும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தில் அது விளையாட்டல்ல. அடைப்பு எச்சரிக்கையும் சரியான நேரத்தில் அடிக்காது. உள்ளூர் சிரிஞ்சுகளைப் பெட்டியில் போட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பி, அளந்து, மென்பொருளில் சேர்க்க வைத்தோம். புதுமை, புதுமை என்று தொடுதிரையைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் சேர்ந்த ஒரு வரிதான் பெரிது.

பிளக்கும் அப்படித்தான். நம்மூரில் ஏசிக்கு மாட்டும் 15 ஆம்பியர் பெரிய மூன்று முள்தான் இங்கே சுவரில் சாதாரணமாக இருப்பது. அடாப்டர் வைத்து ஐசியூவில் ஓட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. பேட்டரி இன்னொரு தொல்லை. 2023இல் ஸ்டேஜ் 6 என்னும் கடுமையான கட்டம் வரை மின்வெட்டு போனது. ஜெனரேட்டர் எடுக்கும்வரை பம்ப் பேட்டரியில்தான் ஓடும். தினமும் இப்படி இறங்கி ஏறினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் மாற்று பேட்டரிகளைக் கிடங்கிலேயே வைத்திருக்கிறோம்.

இந்த நாட்டுக்குக் கருவி செய்யத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வைரச் சுரங்கத் தொழிலாளர்கள் கல்லை ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று பார்க்கச் செய்த எக்ஸ்ரே இயந்திரம்தான் பிறகு லோடாக்ஸ் என்று விபத்துப் பிரிவுகளுக்கு வந்தது. தலை முதல் கால் வரை சில நொடிகளில், குறைந்த கதிர்வீச்சில் எடுத்துவிடும். 2020இல் கோவிட் வந்தபோது தேசிய வென்டிலேட்டர் திட்டத்தை நடத்தும் பொறுப்பு, மீர்காட் தொலைநோக்கியை நடத்தும் வானொலி வானியல் நிலையத்துக்குப் போனது. அண்ணன் அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பெருமிதச் சிரிப்பு சிரிப்பார்.

உரிமம் ஐந்து ஆண்டுக்கு. முகவரி மாறினாலும், பிரதிநிதி மாறினாலும், பட்டியலில் கருவி கூடினாலும் தெரிவிக்க வேண்டும். வார்டில் பம்பால் யாருக்காவது பாதிப்பு என்றால் அதையும் நாங்கள்தான் தெரிவிக்க வேண்டும். அதனால் எந்த எண்ணுள்ள பம்ப் எந்த வார்டில் இருக்கிறது என்ற பதிவேட்டை அண்ணன் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

கருவிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யும் நாள் வந்தால் தொழில்நுட்பக் கோப்பு முழுதும் தேவைப்படும். அதனால் தொழிற்சாலைகளோடு இப்போது போடும் ஒப்பந்தங்களில், கோப்பைக் கேட்டால் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கிறோம். சிலர் 'அது ரகசியம் சார்' என்பார்கள். அவர்களிடம் நாங்கள் வாங்குவதில்லை.