மாமாவை வெட்டியது யார்?

பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்வது பெரிய வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, மூடி, பொத்தானை அமுக்கினால் சரி. “இதில் நிற்பது யார்?” என்று வாய் திறந்து கேட்டுவிட்டால்தான் வில்லங்கம்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம். ஜன்னல் கம்பியையே தின்கிற உப்புக்காற்று. ஈரப்பதம் 80 வீதத்தைத் தாண்டுவது கொழும்பில் சர்வசாதாரணம் என்பதால் அலுமாரிக்குள் இருக்கும் அல்பங்களுக்கும் பூஞ்சணம் பிடிக்கிறது. அதிலும் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசைப் பக்கத்தில் படத்தை ஒட்டுகிற அல்பம் இருக்கிறதே, ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் நாகரிகம். பசை மஞ்சளாகி, படத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. நகத்தால் கிளப்பினால் முகம் தாளோடு போய்விடும். பல் இடுக்கில் விடுகிற நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, அறுப்பது மாதிரி மெல்ல மெல்ல இழுத்தால் பெரும்பாலும் கழன்று வரும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“பல்லுக்கு வாங்கின நூலை ஆரும் அல்பத்துக்குப் போடுவினமோ?”

நூலுக்கும் மசியாத படங்களைப் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போனவற்றைக் கழற்றவே கூடாது. வெயில் நேரே விழாத ஜன்னலோரம் வைத்து, கண்ணாடிக்கு மேலாகவே படமெடுத்துவிட வேண்டும்.

சாதாரண அளவுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி தாராளம். முத்திரை அளவு முகங்களுக்கு 1200 வைத்தேன். மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் ஆக வைத்துக்கொண்டு, ஆட்களுக்கு அனுப்ப மட்டும் சுருக்கிய ஜேபெக். இதை எத்தனை தரம் சொன்னாலும் சிட்னி மச்சான் வட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய படத்தைச் சுவர் அளவுக்குப் பிரிண்ட் அடித்துவிட்டு, “அம்மம்மாவின்ரை முகம் கலங்கிப்போய்க் கிடக்கு, உம்மட ஸ்கேனர் சரியில்லை” என்று குரல் பதிவு அனுப்புகிறார்.

ஸ்கேன் செய்த கோப்பில் பதிவாவது ஸ்கேன் செய்த தேதி. அதனால் அம்மம்மாவின் கலியாணம் போன செவ்வாய்க்கிழமை நடந்ததாக என் தொலைபேசி முடிவு செய்து, இந்த வார நினைவுகள் என்று பின்னணி இசையோடு ஒரு வீடியோவும் தயாரித்துவிட்டது. தேதியை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். அப்புறம், அம்மாவின் படத்தையும் பெரியம்மாவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, இருவரும் ஒருவரா என்று வேறு கேட்டது. அம்மா எட்டிப் பார்த்தார்.

“எனக்கு அக்காவின்ரை மூக்கோ?”

அன்று இரவு முழுக்க என் தொலைபேசியோடு அவர் கோபம்.

அப்பா பக்கத்துப் படங்கள் 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துவிட்டன. அப்போதே லண்டனில் இருந்த பெரியப்பாவின் பெட்டியில் போனவை மட்டும் தப்பின. அதில் ஒன்று, காலிமுகத்திடலில் காருக்குப் பக்கத்தில் அரைக்காற்சட்டையோடு பெரியப்பா. எலிசபெத் மகாராணி 1954 ஏப்ரலில் வந்தபோது, ராணியைப் பார்க்கப் போன அன்று எடுத்த படம் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே வளர்த்தார். 600 புள்ளியில் பெருப்பித்தால் காரின் இலக்கத் தகடு பளிச்சென்று தெரிகிறது: சிங்கள ஸ்ரீ. அந்த எழுத்து தகட்டுக்கு வந்தது ராணி வந்துபோன பிறகு. அதை எதிர்த்து 1958இல் தமிழ்ப் பகுதிகளில் போராட்டமே நடந்ததே, பெரியப்பாவுக்கா தெரியாது? குடும்பக் குழுவில் மரியாதையாகத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது:

“பிள்ளை, நான் ராணியைப் பார்த்தது உண்மை. கார்தான் பிழை.”

அம்மா பக்கத்துக்குக் கல்வெட்டுகள் கைகொடுத்தன. கல்லில் வெட்டியவை அல்ல, அச்சடித்த புத்தகங்கள். ஒருவர் இறந்தபின் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்கிற அந்த நினைவு மலரில் வம்சாவளி போடுகிற வழக்கத்துக்கு நான் கோயில் கட்டத் தயார். யார் யாருக்கு எத்தனையாவது பிள்ளை, யார் எந்த ஊரில் கலியாணம் செய்தது, எல்லாம் அச்சில் இருக்கும். பெரியம்மாவின் கலியாணக் குழுப்படத்தில் பின்வரிசை முழுவதற்கும் அப்படித்தான் பெயர் பிடித்தேன், ஒரே ஒருவரைத் தவிர. அந்த இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. கத்தரிக்கோலால், ஒழுங்காக, முகம் மட்டும்.

அது சின்ன மாமா என்பது எல்லோருக்கும் தெரியும். வெட்டியது யார் என்பதில்தான் சிக்கல். கொட்டாஞ்சேனை மாமிக்குச் சந்தேகமே இல்லை. தான் விரும்பிக் கட்டியது பிடிக்காமல், நாத்தனார்தான் தம்பியைப் படத்திலிருந்து வெட்டினார் என்பது அவர் கட்சி. ரொறொன்ரோவிலிருந்து பெரியம்மா நீண்ட குரல் பதிவுகளாக மறுத்துக்கொண்டிருந்தார். மாமா இல்லை, கேட்கவும் முடியாது.

போன ஞாயிறு மாமி ஸ்கேன் செய்யச் சொல்லி ஒரு மலிபன் பிஸ்கட் தகரத்தோடு வந்தார். மாமா சேர்த்து வைத்த கடதாசிகள். பழைய பற்றுச்சீட்டுகள், கோயில் துண்டுப்பிரசுரம், அடியில் நாலாக மடித்த ஒரு விண்ணப்பப் படிவம். எழுதுவினைஞர் வேலைக்கு எழுதி, கையெழுத்தும் வைத்து, தபாலில் போடாமல் விட்டது. மூலையில் மாமாவின் முகம் ஒட்டியிருந்தது. விண்ணப்பப் படம் என்றால் ஆள் தனியாக இருக்க வேண்டும். இதில் மாமாவின் தோளருகே யாரோ ஒருவரின் காதும், கீழ் விளிம்பில் மாப்பிள்ளையின் தலைப்பாகை நுனியும் இருந்தன.

குழுப்படத்தை எடுத்து ஓட்டையைப் படிவத்தின் மேல் வைத்தேன். காது காதோடு சேர்ந்தது. தலைப்பாகைக்கு நுனி கிடைத்தது.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தின் தேதியைப் பார்த்தார். அவர் மாமாவைக் கண்ணால் காண்பதற்கு முந்திய தேதி. அம்மா வாயைத் திறக்காமல், உடனே தொலைபேசியை எடுத்துப் பெரியம்மாவுக்கு வீடியோ கோல் போட்டார். அங்கே விடியப்புறம். பெரியம்மா தலைமுடியை அள்ளி முடிந்தபடி திரைக்கு வந்து, விஷயத்தைக் கேட்டு, “இப்ப என்ன சொல்லுறாவாம்?” என்றார்.

மாமி படிவத்தைப் பழையபடி நாலாக மடித்தார்.

“சரி, வெட்டினது அவர்தான். கத்தரிக்கோலை எடுத்துக் குடுத்தது ஆர்?”